முதல் வரிசை, ஐந்தாவது மாடி: ஸ்பெயின் கடலோரத்தில் இந்த வீட்டை வாங்கலாமா?

ஸ்பெயினின் தென்கரையில், மாலகா நகரிலிருந்து கிழக்கே சாலை வழியாக ஏறத்தாழ 50 கிலோமீட்டரில் தோர்ரோக்ஸ் கோஸ்தா இருக்கிறது. கடற்கரை நடைபாதையை ஒட்டி, 1974இல் கட்டிய எட்டு மாடிக் கட்டடம். மொத்தம் 64 வீடுகள். விற்பனைக்கு வந்திருப்பது ஐந்தாவது மாடியில் தெற்குப் பார்த்த வீடு: இரண்டு படுக்கையறை, கண்ணாடி அடைத்த வராந்தா, விளம்பரத்தில் 72 சதுர மீட்டர், கேட்கும் விலை 2,40,000 யூரோ. விற்பவர் ஜெர்மனியில் வசிப்பவர். வாங்க நினைப்பது லண்டன் ஹாரோவில் வாழும் தமிழ்த் தம்பதி. இருவரிடமும் பிரிட்டிஷ் கடவுச்சீட்டு. கணவருக்கு 58 வயது, மனைவிக்கு 55. இப்போதைக்கு ஆண்டுக்கு 60 இரவு தங்கலாம், ஓய்வு பெற்றபின் நவம்பர் முதல் மார்ச் வரை அங்கேயே இருக்கலாம் என்பது அவர்கள் எண்ணம். கடன் இல்லை, கையிலிருக்கும் சேமிப்பு.

இது மாதிரி வழக்கு. அந்தக் கரையில் திரும்பத் திரும்ப எதிர்ப்படும் சிக்கல்களை ஒரே வீட்டில் சேர்த்திருக்கிறோம். விலையும் செலவும் கணக்குப் போடுவதற்காக வைத்துக்கொண்டவை. சட்டமும் வரி விகிதமும் நடைமுறையில் உள்ளவை. வரி விகிதங்கள் அண்டலூசியா மாநிலத்துக்கு உரியவை. பக்கத்து மாநிலத்துக்குப் போனாலே அவை மாறிவிடும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இந்த விலைக்கு, இந்த நிலையில், இந்த வீடு வேண்டாம். என்னென்ன மாறினால் "சரி" என்று சொல்வோம் என்பதும் கீழே இருக்கிறது.

முதலில் நாட்களை எண்ணுங்கள்

வீடு பார்க்கப் போகிறவர்கள் கடைசியில் கேட்கும் கேள்வியை முதலில் கேட்க வேண்டும்: அந்த நாட்டில் எத்தனை நாள் இருக்க நமக்கு உரிமை உண்டு?

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறிய பிறகு, பிரிட்டிஷ் கடவுச்சீட்டு உள்ளவர் ஷெங்கன் நாடுகளில் (ஸ்பெயின் உட்பட, தமக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகள்) எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாள்தான் தங்கலாம். நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை 151 நாள். ஓய்வுக்காலத் திட்டம் இந்த இடத்திலேயே உடைகிறது. வீட்டின் பத்திரம் கையில் இருப்பதால் ஒரு நாள்கூட அதிகம் கிடைக்காது. முன்பெல்லாம் முத்திரையில் தேதி தெளிவில்லாமல் ஒன்றிரண்டு நாள் கணக்கில் விடுபடுவதுண்டு. 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த மின்னணு நுழைவுப் பதிவில் வருகையும் புறப்பாடும் தாமாகவே கணக்கேறுகின்றன.

5,00,000 யூரோவுக்குச் சொத்து வாங்கினால் வதிவிட உரிமை தந்த "கோல்டன் விசா" 2025 ஏப்ரல் 3ஆம் தேதியுடன் முடிந்துவிட்டது. இன்னமும் அதைச் சொல்லி விற்கும் தரகர் இருந்தால் அவரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. எஞ்சியிருப்பது வேலை செய்யாமல் வாழ்வோருக்கான விசா. இதற்கு ஸ்பெயினின் அடிப்படை வருமானக் குறியீட்டைப்போல் நான்கு மடங்கு காட்ட வேண்டும். குறியீடு மாதம் 600 யூரோ. எனவே முதல் நபருக்கு ஆண்டுக்கு 28,800, துணைவருக்கு 7,200, ஆக 36,000 யூரோ. வாடகை, ஓய்வூதியம், முதலீட்டு வருமானம் எல்லாம் செல்லும், சம்பளம் செல்லாது. இவர்களில் ஒருவர் இன்னும் வேலை பார்க்கிறார் என்பதால் இப்போதைக்கு இந்த வழி அடைப்பு. பின்னாளில் இதே விசாவில் போய் ஆண்டுக்கு 183 நாளுக்கு மேல் தங்கினால் ஸ்பெயினின் வரி வதிவாளர் ஆகிவிடுவார்கள். உலக வருமானம் முழுவதற்கும் அங்கே கணக்குக் காட்ட வேண்டும்.

ஆகவே கணக்குக்கு எடுக்க வேண்டிய எண் 60. ஓய்வுபெற்ற பின்னும், விசா இல்லாவிட்டால், ஒரு குளிர்காலத்துக்கு 90.

1988இன் கோடு

ஸ்பெயினில் கடலோரச் சொத்து எதுவானாலும் 1988 ஜூலையில் வந்த கரைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. "லெய் தெ கோஸ்தாஸ்" என்பார்கள். மணல்பரப்பும், பெரும்புயலில் அலை எட்டும் இடமும் பொதுவுடைமை. அங்கே தனியார் உடைமை கிடையாது. அந்தப் பொதுவுடைமையின் எல்லையை அரசு அளந்து வரைகிறது. இந்த அளவைக்குப் பெயர் "தெஸ்லிந்தே". கோட்டுக்கு உள்ளே மாட்டிக்கொண்ட பழைய வீடுகளின் சொந்தக்காரர்கள் உரிமையை இழந்து, குறிப்பிட்ட காலம் அனுபவிக்கும் அனுமதியை மட்டும் பெற்றார்கள். 2013இல் வந்த திருத்தம் அந்தக் காலத்தை அதிகபட்சம் 75 ஆண்டுவரை நீட்ட வழிவிட்டது. அப்படிப்பட்ட வீட்டை வாங்குவது குத்தகையின் மிச்சத்தை வாங்குவதுதான். விலை சல்லிசாக இருப்பதற்குக் காரணமும் அதுவே.

கோட்டிலிருந்து நிலப்பக்கமாக முதல் 6 மீட்டர் யாரும் நடந்துபோக வழிவிட வேண்டிய இடம். அதே கோட்டிலிருந்தே அளப்பது பாதுகாப்பு வளையம்: பொதுவாக 100 மீட்டர், 1988க்கு முன்பே நகர்ப்பகுதியாக இருந்த நிலத்தில் 20 மீட்டர். சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் இணைய வரைபடத்தில் கோட்டையும் வளையத்தையும் கட்டணமில்லாமல் பார்க்கலாம். அதன்மேல் வெள்ள அபாய வரைபடத்தையும் போட்டுப் பார்க்க வேண்டும். 10, 50, 100, 500 ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளம் எதுவரை எட்டும் என்று அதில் தெரியும். இந்தக் கரையில் வெள்ளம் கடலிலிருந்து வருவதைவிட, ஆண்டில் பெரும்பகுதி காய்ந்து கிடக்கும் ஓடைகளில் ஒரே மழைக்கு இறங்கி வருவதே அதிகம்.

நம் கட்டடம் கோட்டிலிருந்து 14 மீட்டரில் நிற்கிறது என்று கொள்வோம். நகர்ப்பகுதி என்பதால் வளையம் 20 மீட்டர்தான். அப்படியும் கட்டடம் அதற்குள் விழுகிறது. இதனால் வாங்கவோ விற்கவோ குடியிருக்கவோ தடையில்லை. பழுது பார்க்கலாம், மேம்படுத்தலாம். ஆனால் கன அளவு, உயரம், பரப்பு மூன்றையும் கூட்டக் கூடாது.

இப்போது அந்தக் கண்ணாடி வராந்தாவைப் பாருங்கள். மூல வரைபடத்தில் அது 9 சதுர மீட்டர் திறந்த மாடம். அடைத்ததால் கன அளவு கூடிவிட்டது. முகப்பை மாற்றியதற்கு வீட்டு உரிமையாளர் சங்கத்தின் ஒப்புதலும் வேண்டும். "இருபது வருஷமாக இப்படித்தான் இருக்கிறது" என்று விற்பவர் சொல்வார். வேறு நகர்ப்புற நிலத்தில் ஆறாண்டு கடந்துவிட்டால் பொதுவாக இடிக்கச் சொல்ல முடியாது. கரைப் பாதுகாப்பு வளையத்துக்குள் அந்தக் காலக்கெடுவை நம்பிப் பணம் கொடுக்கவே கூடாது. வராந்தாவைத் திறந்த மாடமாகவே விலை போடுங்கள்.

வில்லங்கமும் சதுர மீட்டரும்

நம் ஊர் வில்லங்கச் சான்றுக்கு நெருக்கமானது "நோத்தா சிம்ப்ளே". பதிவாளர் சங்கத்தின் தளத்தில் சுமார் 10 யூரோவுக்குக் கிடைக்கும். உரிமையாளர் யார், அடமானம், நீதிமன்றப் பற்றுதல், வாழ்நாள் அனுபவ உரிமை எல்லாம் அதில் வரும். முன்பணத்துக்கு முன் ஒருமுறை, பத்திரத்துக்கு முதல்நாள் ஒருமுறை எடுங்கள். இடையில் புதுக் கடன் ஏறியிருக்கலாம். விற்பவர் தரும் நகலை நம்பி இருந்துவிடாதீர்கள்.

பட்டாவுக்கு நிகரானது "கத்தாஸ்த்ரோ". இருபது எழுத்து-எண் கொண்ட குறியீட்டை உள்ளிட்டால் அளவும் வரைபடமும் வரும். பதிவேடு, கத்தாஸ்த்ரோ, விளம்பரம் மூன்றும் ஒரே எண்ணைச் சொல்கின்றனவா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. நம் வீட்டில் சொல்லவில்லை. பதிவேட்டில் கட்டிய பரப்பு 63, திறந்த மாடம் 9. விளம்பரத்தின் 72 இரண்டையும் கூட்டியது. சுவருக்குள் உண்மையில் புழங்கும் இடம் 54. சில விளம்பரங்களில் மாடிப்படி, நடைவழி ஆகியவற்றின் பங்கும் சேர்ந்திருக்கும். சென்னையில் "சூப்பர் பில்டப்" என்று கேட்டுப் பழகியவர்களுக்கு இது புரியும்.

கேட்கும் விலையை 72ஆல் வகுத்தால் சதுர மீட்டருக்கு 3,333 யூரோ. திறந்த மாடத்தைப் பாதியாகக் கணக்கிடுவது மதிப்பீட்டாளர் வழக்கம்: 63 + 4.5 = 67.5. விற்பவர் சொல்லும் அதே வீதத்தில் பெருக்கினால் 2,25,000 யூரோ. பேரம் பேசத் தொடங்குவதற்கு முன்பே 15,000 யூரோ காற்றில் இருந்தது என்று தெரிகிறது.

வழிகாட்டி மதிப்பும் அங்கே உண்டு. 2022 ஜனவரி 1 முதல் ஒவ்வொரு வீட்டுக்கும் கத்தாஸ்த்ரோ ஒரு "குறிப்பு மதிப்பு" வைத்திருக்கிறது. கிரயத் தொகை அதைவிடக் குறைவாக இருந்தாலும் அந்த மதிப்பின்மேல்தான் வரி. நம் வழக்கில் அது 2,51,000 என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். விலையைக் குறைத்துப் பேசிவிட்டோம், வரியும் குறையும் என்று நினைப்பவர்கள் இங்கே ஏமாறுகிறார்கள்.

உப்பும் கம்பியும்

ஐம்பது வயதான கடலோரக் கட்டடத்தில் மற்ற எல்லாவற்றையும்விட இதையே ஊன்றிப் பார்க்க வேண்டும். வரவேற்பறைப் புகைப்படத்தில் தெரியாத செலவு இங்கேதான் இருக்கிறது.

கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடிக்காமல் இருப்பது சிமென்டின் காரத்தன்மையால். அது இரண்டு வழியில் கெடும். ஒன்று, காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் ஊடுருவிக் காரத்தைக் குறைப்பது. மற்றொன்று, கடற்காற்று கொண்டுவரும் உப்பின் குளோரைடு உள்ளே இறங்கிக் கம்பியை நேரடியாக அரிப்பது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அது வீங்கும்போது மேலிருக்கும் கான்கிரீட் கம்பியின் நீளவாக்கில் பிளக்கும். பிறகு பொரிந்து விழும். அந்தக் காலக் கட்டடங்களில் கம்பிக்கு மேலான கவர் பல இடங்களில் இரண்டு சென்டிமீட்டர்கூட இருக்காது. அதனால் மாடத்தின் விளிம்பும் அடிப்பக்கமும் முதலில் போகும்.

உங்கள் மாடத்தில் நின்று உங்கள் தரையைப் பார்த்துப் பயனில்லை. தலையை நிமிர்த்தி ஆறாவது மாடியின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். பிறகு தெருவில் இறங்கி எட்டு மாடியின் அடிப்பக்கத்தையும் தொலைநோக்கியால் பாருங்கள். புதிதாகப் பூசிய திட்டுகள், கைப்பிடிக் கம்பி தரையில் புதைகிற இடத்தில் பழுப்புக் கோடு, விளிம்பில் நேர்கோட்டு வெடிப்பு: மூன்றில் ஒன்று இருந்தாலும் பொறியாளரைக் கூப்பிட வேண்டும். சுண்ணாம்போ பெயின்டோ புதிதாக அடித்த ஒரே ஒரு மாடம் இருந்தால், அது விற்பனைக்கு வந்த வீட்டுடையதா என்று பாருங்கள்.

பொறியாளரிடம் இரண்டு சோதனையும் கேளுங்கள். புதிதாக உடைத்த கான்கிரீட்டில் ஃபீனால்ஃப்தலீன் தெளித்தால் காரம் உள்ள இடம் இளஞ்சிவப்பாகும். காரம் போன இடம் நிறம் மாறாது. இது மலிவான சோதனை, பலர் இதோடு நிறுத்திவிடுவார்கள். ஆனால் கான்கிரீட் நன்றாகச் சிவந்து காட்டும்போதே குளோரைடு கம்பியைத் தின்றுகொண்டிருக்கலாம். கடலோரத்தில் துளையிட்டு எடுத்த பொடியை வெவ்வேறு ஆழத்தில் குளோரைடுக்குச் சோதித்தால்தான் முழுப்படம் கிடைக்கும்.

மூன்றாவதாக ஒன்று. 1950 முதல் 1970கள் வரை ஸ்பெயினில் விரைவாக இறுகும் அலுமினா சிமென்டில் வார்த்த சிறு உத்திரங்களைத் தளங்களுக்குப் பயன்படுத்தினார்கள். ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் அது காலப்போக்கில் வலுவிழக்கும். 1990 நவம்பரில் பார்சலோனாவின் துரோ தெ லா பெய்ரா பகுதியில் ஒரு கட்டடம் இடிந்தபோதுதான் நாடே விழித்தது. அதன் பாதிப்பு மத்தியதரைக் கடலோரத்தில்தான் அதிகம் பேசப்பட்டது. 1974 கட்டடத்தில் உத்திரம் எந்தச் சிமென்ட் என்று யாராவது எப்போதாவது சோதித்தார்களா என்று சங்க நிர்வாகியிடம் எழுத்தில் கேளுங்கள். 50 ஆண்டு தாண்டிய கட்டடங்களுக்கான ஆய்வறிக்கை இருக்கிறதா என்றும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.

இந்தப் பகுதி நிலநடுக்க மண்டலமும்கூட. 1884 கிறிஸ்துமஸ் நாளில் இந்தக் கரைக்குப் பின்னுள்ள மலைத்தொடரை உலுக்கிய நடுக்கத்தில் உட்பகுதியிலுள்ள அரேனாஸ் தெல் ரேய் ஊர் தரைமட்டமானது. இன்றைய நிலநடுக்க விதிகள் வருவதற்கு வெகு முன்னே எழுந்தது நம் கட்டடம்.

வீட்டுக்குள் உப்பு செய்வது சின்னச் சின்ன வேலை, ஆனால் ஓயாத வேலை. நம் கொண்டலைப்போல் கிழக்கிலிருந்து வரும் ஈரக்காற்றை அங்கே "லெவாந்தே" என்பார்கள். பூட்டிய வீட்டில் அது வீசும் வாரங்களில் அலமாரிக்குப் பின்னும் மெத்தைக்கு அடியிலும் பூஞ்சை கட்டும். ஏசியின் வெளி அலகில் அலுமினியத் தகடுகள் பொடிந்துபோகும். கடலோரத்துக்கென்று பூச்சு போட்ட அலகு வாங்க வேண்டும். கைப்பிடி, கீல், திருகு எல்லாம் 316 தர ஸ்டெயின்லெஸ். சாதாரண 304 சில மாதங்களிலேயே பழுப்படிக்கும். ஜன்னல் சட்டம் கடலோரத் தரப் பூச்சுள்ள அலுமினியமாக இல்லாவிட்டால் இழுவைத் தடம் இறுகும்.

தண்ணீரையும் கேட்க வேண்டும். இந்த அஷார்கியா வட்டாரத்தின் பெரிய அணையான வின்யுவேலா 2023-24 வறட்சியில் கொள்ளளவில் 10 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. வட்டாரத்தின் சில ஊர்களில் இரவு நேரக் குழாய்நீர் நிறுத்தப்பட்டது. கடற்கரைக் குளியல் குழாய்கள் மூடப்பட்டன. கட்டடத்துக்குச் சொந்தத் தொட்டி உண்டா, அந்தத் தொட்டி பழைய கல்நார் சிமென்டால் ஆனதா என்று பாருங்கள்.

சங்கத்தின் கூட்டக் குறிப்புகள்

பத்திரத்துக்கு முன் சங்க நிர்வாகி தரும் "பாக்கி இல்லை" சான்று கட்டாயம். அது இல்லாமல் வாங்கினால் நடப்பு ஆண்டுக்கும் முந்தைய மூன்று ஆண்டுக்குமான பாக்கிக்கு வீடே பொறுப்பு. பெரும்பாலோர் இந்தச் சான்றோடு நிறைவடைகிறார்கள். இனி வரப்போகும் செலவைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இருக்காது. அது கூட்டக் குறிப்புகளில்தான் இருக்கும். ஐந்தாண்டுக் குறிப்புகளைக் கேட்டு வாங்கி, ஸ்பானிஷ் தெரிந்தவரோடு உட்கார்ந்து வரி வரியாகப் படியுங்கள்.

நம் வழக்கில், கடைசி இரண்டு கூட்டத்திலும் மாடங்களைப் பழுதுபார்ப்பதற்கான 3,80,000 யூரோ மதிப்பீடு மேசைக்கு வந்து, முடிவெடுக்காமல் தள்ளிப்போயிருக்கிறது. இந்த வீட்டின் பங்கு 1.52 விழுக்காடு, அதாவது 5,776 யூரோ. இப்படி எல்லாரிடமும் பிரித்து வாங்கும் தனி வசூலை "தெர்ராமா" என்பார்கள். சட்டப்படி, வசூல் கெடு வரும் நாளில் யார் உரிமையாளரோ அவர்தான் கட்ட வேண்டும். விற்பவர்கள் விற்கத் தேர்ந்தெடுக்கும் நேரத்துக்கும் இந்த விதிக்கும் தொடர்பு உண்டு என்பது எங்கள் கணிப்பு. முன்பண ஒப்பந்தத்திலேயே "பத்திர நாளுக்கு முன் விவாதித்த பழுதுகளுக்கான வசூல் விற்பவர் பொறுப்பு" என்று எழுதி, அந்தத் தொகையை நோட்டரியிடம் நிறுத்திவைக்கலாம்.

கணக்கு

வாங்கும் செலவு: பழைய வீடு கைமாறும்போது வாங்குபவர் கட்டும் மாற்றுவரி அண்டலூசியாவில் 7 விழுக்காடு. 2,51,000இன்மேல் 17,570. நோட்டரி 900, பதிவு 500, வழக்கறிஞர் 1 விழுக்காடும் அதன்மேல் 21 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரியும் சேர்த்து 2,904, பொறியாளர் 600, மொழிபெயர்ப்பும் சில்லறையும் 400. கூட்டினால் 22,874, விலையில் 9.5 விழுக்காடு. மொத்தம் 2,62,874 யூரோ. புது வீடாக இருந்தால் மாற்றுவரிக்குப் பதில் 10 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரியும் 1.2 விழுக்காடு முத்திரை வரியும் வரும்.

ஆண்டுச் செலவு: கத்தாஸ்த்ரோ மதிப்பு 90,000 என்று கொண்டால் நகராட்சிச் சொத்துவரி சுமார் 600. வாடகைக்கு விடாத வீட்டுக்கும் வெளிநாட்டு உரிமையாளர் கற்பனை வருமான வரி கட்ட வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. கத்தாஸ்த்ரோ மதிப்பில் 2 விழுக்காட்டை, அண்மைப் பத்தாண்டில் மறுமதிப்பீடு நடந்த ஊரானால் 1.1 விழுக்காட்டை, வருமானமாகக் கொண்டு அதில் 24 விழுக்காடு. ஐரோப்பிய ஒன்றியத்தில் வசிப்பவருக்கு 19. நம் கணக்கில் 432 யூரோ, படிவம் "மொதேலோ 210", கெடு அடுத்த ஆண்டின் டிசம்பர் 31. கட்டாமல் விட்டவர்களுக்கு விற்கும் நாளில் அபராதத்தோடு முன்னால் வந்து நிற்கும். சங்கக் கட்டணம் மாதம் 110, ஆண்டுக்கு 1,320. காப்பீடு 300, மின்சாரமும் தண்ணீரும் 600, குப்பை 120, சாவி வைத்திருந்து மாதம் ஒருமுறை திறந்து காற்றோட்டம் விடுபவருக்கு 720, பழுதுக்கு ஒதுக்க விலையில் 1 விழுக்காடு 2,400. ஆக 6,492. இதில் விமானக் கட்டணம் இல்லை. வாடகைக்குத் தங்கினாலும் அது வரும்.

காப்பீட்டைப் பற்றி ஒரு நல்ல செய்தி. ஸ்பெயினில் வெள்ளம், நிலநடுக்கம், கடல் அலை மோதல் ஆகியவற்றின் சேதத்தை ஓர் அரசு ஈட்டுநிதி அமைப்பு ஏற்கிறது. எல்லாப் பாலிசியிலும் அதற்கான சிறு தொகை சேர்ந்தே வரும். பாலிசி இல்லாதவருக்கு அதுவும் இல்லை. புயல் வருகிறது என்று தெரிந்தபின் எடுத்தால் முதல் ஏழு நாளுக்குச் செல்லாது.

போட்ட பணம் வேறிடத்தில் 4 விழுக்காடு ஈட்டும் என்றால் 2,62,874இன்மேல் ஆண்டுக்கு 10,515. இரண்டையும் கூட்டினால் 17,007. அறுபது இரவுக்கு வகுத்தால் ஓர் இரவு 283 யூரோ. தொண்ணூறு இரவானால் 189.

அதே ஊரில் குளிர்காலத்தில் ஒரு மாதம் 1,100 யூரோவுக்கும், மற்ற பருவங்களில் 30 இரவு தலா 110க்கும் வாடகைக்கு எடுத்தால் 4,400 யூரோ. வித்தியாசம் 12,607. வீட்டு விலை ஆண்டுக்கு 5.25 விழுக்காடு ஏறினால்தான் வாங்கியதும் வாடகைக்கு இருந்ததும் சமம். அதுவும் விற்கும் செலவைச் சேர்க்காமல். தரகு 5 விழுக்காடும் அதன்மேல் வரியும், இலாபத்தில் 19 விழுக்காடு வரி, நகராட்சியின் நிலமதிப்பு உயர்வு வரி என்று வெளியே வரவும் பணம் வேண்டும்.

"மிச்ச நாட்களில் சுற்றுலாப் பயணிகளுக்கு விட்டுவிடலாமே" என்பது தரகர் சொல்லும் அடுத்த வார்த்தை. 2025 ஏப்ரல் 3 முதல் புதிதாகச் சுற்றுலா வாடகை தொடங்க சங்கத்தில் ஐந்தில் மூன்று பங்கு ஒப்புதல் வேண்டும். அதே ஆண்டு ஜூலை முதல் பதிவு எண் இல்லாமல் இணையத் தளங்களில் விளம்பரமும் போட முடியாது. நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் அதிகமுள்ள கட்டடத்தில் அந்த வாக்கு கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வாடகை வருமானத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்தால்தான் கட்டுப்படியாகும் என்றால் வாங்கக் கூடாது.

வாங்குவதென்றால், வரிசை இது

முதலில் வெளிநாட்டவர் அடையாள எண். லண்டனிலுள்ள ஸ்பானியத் துணைத் தூதரகத்திலேயே எடுக்கலாம். அடுத்து, தரகருக்கும் விற்பவருக்கும் தொடர்பில்லாத வழக்கறிஞர். நோட்டரி எல்லாம் பார்த்துக்கொள்வார் என்ற நினைப்பு தவறு. ஆள் அடையாளம், பதிவேட்டிலுள்ள சுமை, பணம் வந்த வழி ஆகியவற்றைத்தான் அவர் பார்ப்பார். வராந்தா அனுமதி பெற்றதா என்று பார்ப்பது அவர் வேலை அல்ல.

வீட்டைச் சந்தையிலிருந்து எடுக்க 3,000, 6,000 என்று தரகர் முன்பதிவு கேட்பார். மேலே சொன்ன சோதனைகளில் குறை வந்தால் திருப்பித் தர வேண்டும் என்று எழுதாமல் ஒரு யூரோவும் கொடுக்க வேண்டாம். பிறகு முன்பண ஒப்பந்தம், "அர்ராஸ்". வழக்கமாக 10 விழுக்காடு, இங்கே 24,000. குடிமைச் சட்டத்தின் 1454ஆம் பிரிவின்படி எழுதியிருந்தால், வாங்குபவர் பின்வாங்கினால் அந்தப் பணம் போகும், விற்பவர் பின்வாங்கினால் இரண்டு மடங்கு தர வேண்டும். அந்தப் பிரிவைக் குறிப்பிடாமல் வெறும் "முன்பணம்" என்று எழுதினால் பின்வாங்கும் உரிமையே இல்லை என்று வாதம் வரும்.

பத்திர நாளில் மூன்று கழிவு. பின்னிரண்டும் விற்பவர் ஸ்பெயினில் வசிக்காதவர் என்பதால் வருபவை. அர்ராஸ் 24,000 ஏற்கெனவே போயிருக்கிறது. விலையில் 3 விழுக்காடு, 7,200 யூரோவை விற்பவருக்குக் கொடுக்காமல் பிடித்து, ஒரு மாதத்துக்குள் "மொதேலோ 211" படிவத்தில் வரித்துறைக்கு நீங்கள் கட்ட வேண்டும். மறந்தால் வீட்டின்மேல் ஏறும். நகராட்சியின் நிலமதிப்பு உயர்வு வரி விற்பவருடையதுதான், ஆனால் விற்பவர் வெளிநாட்டில் வசித்தால் வாங்குபவரிடம் வசூலிப்பார்கள். அதனால் மதிப்பிட்ட 2,500ஐயும் பிடித்துவைக்க வேண்டும். கைக்குக் கொடுப்பது 2,06,300. கையெழுத்தான அன்றே நோட்டரி மின்னணு வழியில் பதிவகத்துக்கு அனுப்பிவிட வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றிய விதியின்படி, உயிலில் தன் நாட்டுச் சட்டமே பொருந்த வேண்டும் என்று எழுதிவைக்கலாம். எழுதாவிட்டால் ஸ்பானியச் சட்டம் பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கை ஒதுக்கும் நிலை வரலாம். பத்திரத்தோடு அதே நோட்டரியிடம் ஸ்பானிய உயிலும் எழுதிவிடுவது நல்லது.

இதே வீட்டை இந்தியாவில் வசிப்பவர் வாங்க நினைத்தால் முதல் தடை பணம் அனுப்புவதில். ரிசர்வ் வங்கியின் தாராளப் பணப் பரிமாற்றத் திட்டத்தில் ஒருவருக்கு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர்தான். எனவே கணவன் மனைவி சேர்ந்து அனுப்பி இருவர் பெயரிலும் வாங்க வேண்டும். 10 லட்ச ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கு வங்கி 20 விழுக்காடு முன்வரி பிடிக்கும். கணக்குத் தாக்கலில் அது ஈடாகும், ஆனால் அதுவரை அந்தப் பணமும் கையில் வேண்டும். ஆண்டுதோறும் வருமானவரிப் படிவத்தின் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் வீட்டைக் காட்டியாக வேண்டும். வீடு இருந்தாலும் ஒவ்வொரு முறையும் ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டியிருக்கும்.

எந்த விலைக்குச் சரி

2,25,000இலிருந்து தெர்ராமா 5,776ஐயும் வராந்தாவைப் பழையபடி திறக்க 4,000ஐயும் கழித்தால் 2,15,224. குளோரைடுச் சோதனையில் கம்பி ஆழத்தில் உப்பு குறைவு என்று வந்து, அலுமினா சிமென்ட் இல்லை என்று எழுத்தில் கிடைத்து, 2,15,000க்கு விற்பவர் இறங்கினால் பேசலாம். அப்போதும் இது பணம் பெருக்கும் முதலீடு அல்ல. ஓர் இரவுக்கு இவ்வளவு கொடுத்துக் கடலைப் பார்க்க மனம் ஒப்பும் குடும்பத்துக்கான வீடு.

அதற்குள் இந்தத் தம்பதி செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வரும் ஜனவரியில் அதே தெருவில், முடிந்தால் அதே கட்டடத்தில், ஒரு மாதம் வாடகைக்கு இருக்கட்டும். கட்டடம் முழுவதற்குமான வெப்பமூட்டும் வசதி இல்லாத இடத்தில் ஜனவரி இரவு எப்படி இருக்கும், பருவம் முடிந்தபின் எத்தனை கடை திறந்திருக்கும், புயலுக்கு மறுநாள் மணல் எவ்வளவு போயிருக்கும், லிஃப்ட் நின்றால் ஐந்து மாடி ஏற முழங்கால் ஒத்துழைக்குமா என்பதெல்லாம் தெரிந்துவிடும். அந்த மாதத்தில் சங்கக் கூட்டம் நடந்தால், வாடகைக்கு இருக்கும் வீட்டின் உரிமையாளரிடம் எழுத்தில் அதிகாரம் வாங்கிக்கொண்டு ஸ்பானிஷ் தெரிந்த ஒருவர் அதில் உட்காரலாம். 3,80,000 யூரோ மதிப்பீட்டுக்கு யார் யார் கை தூக்குகிறார்கள் என்று அங்கே தெரியும்.